பழைய ஸ்ட்ராட் சத்தம் வேணும்னா முதல்ல ஸ்க்ரூ டிரைவர எடுங்க

போன இதழ்ல போற போக்குல ஒரு வரி எழுதினேன், பழைய ரெக்கார்டுல கேக்கற அந்த கிட்டார் சத்தம் கடையில வாங்கற பிக்கப்ல (கம்பி அதிர்வ மின்சார சிக்னலா மாத்தற காந்தச் சுருள்) மட்டும் இல்ல, செட்டப்ல, அதாவது கிட்டார சரி பண்ணி வைக்கற விதத்துல தான் பாதிக்கு மேல இருக்குன்னு. அதுக்கு வந்த கடிதமும் மெசேஜும் கொஞ்ச நஞ்சம் இல்ல, அதனால இந்த தடவ கேள்வி பதில் முழுக்க அந்த விஷயமே தான்.

கேள்வி (திருச்சி, காலேஜ் மாணவர்): அண்ணா, பார்ட் டைம் வேலை பாத்து சேத்த காசுல ஒரு ஸ்ட்ராட் (ஃபெண்டர் கம்பெனியோட ஸ்ட்ராட்டோகாஸ்டர்) மாடல் கிட்டார் வாங்கிருக்கேன். அறுபதுகள்ல வந்த அந்த மணி அடிச்ச மாதிரி க்ளீன் சவுண்டு வேணும். என் கிட்டார்ல வர்றது காதுல குத்துது, கம்பி முடியற பிரிட்ஜ் பக்கம் இருக்கற பிக்கப்புக்கு மாத்தினா தகர டப்பா மாதிரி இருக்கு. 15 ஆயிரத்துக்கு விண்டேஜ் பிக்கப் செட் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். வாங்கலாமாண்ணா?

பதில்: இப்போ வாங்காத தம்பி. காச பத்திரமா வச்சுக்கோ, ஒரு ஸ்க்ரூ டிரைவரும் மில்லிமீட்டர் போட்ட இரும்பு ஸ்கேலும் எடுத்துட்டு உக்காரு, ஒரு சாயங்காலம் போதும்.

முதல்ல பிக்கப் உயரம். லோ ஈ, அதாவது தடிச்ச கம்பிய கடைசி ஃப்ரெட்ல (நெக்ல குறுக்க பதிச்சிருக்கற உலோகக் கோடு) அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, கம்பியோட அடிப்பக்கத்துலேர்ந்து பிக்கப் மேல தெரியற அந்த காந்தக் குமிழ் வரைக்கும் எவ்வளவு இடைவெளின்னு ஸ்கேல வச்சு பாரு. பழைய ஸ்டைல் சிங்கிள் காயிலுக்கு, அதாவது ஒரே சுருள் பிக்கப்புக்கு ஃபெண்டர் சொல்ற அளவு லோ ஈ பக்கம் 2.4 மி.மீ, மெல்லிசான ஹை ஈ பக்கம் 2 மி.மீ. உன்னோடது அனேகமா இதுல பாதி தான் இருக்கும், ஏன்னா கடையில வாசிச்சு காட்டும்போது சத்தம் பெருசா கேட்டா தான் வாங்கறவனுக்கு பிடிக்கும், அதனால பல கிட்டார்ல பிக்கப்ப கம்பிக்கு ஒட்டி ஏத்தி வச்சிருப்பாங்க. ஸ்ட்ராட்ல அந்த ஆறு குமிழும் நேரடியா காந்தம், ரெண்டு சுருள் இருக்கற ஹம்பக்கர் பிக்கப் மாதிரி அடியில ஒளிஞ்சிருக்கற காந்தம் இல்ல. கிட்ட போகப் போக அது கம்பிய இழுத்துப் பிடிக்கும், கம்பி ஃப்ரீயா ஆட முடியாது. லோ ஈல 12-வது ஃப்ரெட்டுக்கு மேல ஒரு நோட்ட அடிச்சு நிறுத்திக் கேளு, ஒரு நோட்டுக்குள்ள ரெண்டு நோட்டு சண்டை போடற மாதிரி "வொவொவொ"ன்னு ஆடுதா? அது ட்யூனிங் பிரச்சனை இல்ல, காந்தம் பண்ற வேலை. பிக்கப் ஓரத்து ஸ்க்ரூவ பாதி திருப்பு திருப்பி பிக்கப்ப இறக்கு, அதே நோட்ட திரும்ப அடி, இன்னும் பாதி திருப்பு. ஒரு இடத்துல அந்த ஆட்டம் நின்னு போய் நோட்டு நீளமா, உருண்டையா, காத்து நிறைஞ்ச மாதிரி வரும் பாரு, நீ தேடற மணி சத்தம் அங்க தான் இருக்கு. சத்தம் கொஞ்சம் குறையும், அதுக்கு ஆம்ப்ல வால்யூம் ஏத்திக்கோ, கெயின ஏத்தாத.

இந்த விஷயம் தெரியாம நான் ரெண்டு வருஷம் வீணடிச்சிருக்கேன். பழைய டிசைன் பிக்கப் போட்ட ஒரு கிட்டார் வாங்கினேன், மத்த கம்பி எல்லாம் ஒழுங்கா இருக்க மூணாவது கம்பி, ஜி, அது மட்டும் கூட்டத்துல கத்தற ஆள் மாதிரி தனியா கேக்கும். கோளாறு பிக்கப்ல தான்னு ஒரு கடைக்காரர் சொல்லிட்டாரு, நானும் நம்பிட்டேன். அப்புறம் ஒரு நாள் கிட்டார மடியில படுக்க வச்சு பக்கவாட்டுல கண்ண வச்சு பாத்தா தான் தெரிஞ்சுது, ஆறு குமிழும் ஒரே உயரம் இல்ல, மேடு பள்ளமா இருக்கு, ஜிக்கு அடியில இருக்கறது நல்லா மேல நிக்குது, பி கம்பிக்கு அடியில இருக்கறது குழிக்குள்ள போயிருக்கு. காரணம் என்னன்னா 1954ல ஸ்ட்ராட் வந்த காலத்துல ஜி கம்பி வெறும் கம்பியா இருக்காது, மேல இன்னொரு கம்பி சுத்தின கம்பியா தான் வரும், அதோட சத்தம் அடங்கியே இருக்கும், அத தூக்கி விடத்தான் அந்த காந்தத்த உயர்த்தி வச்சாங்க. நாம இன்னைக்கு போடற செட்ல ஜி வெறும் ஸ்டீல் கம்பி, அதே உயர காந்தத்து மேல அது கத்தாம என்ன பண்ணும். தயவு செஞ்சு அந்த குமிழ கட்டை விரலால அமுக்கி உள்ள தள்ள பாக்காத, பழைய மாடல் பிக்கப்ல காயில் நேரா காந்தத்து மேலயே சுத்திருப்பாங்க, தலைமுடிய விட மெல்லிசு ஒயர், அறுந்தா பிக்கப்பே போச்சு. மொத்த பிக்கப்ப கொஞ்சம் இறக்கினாலே பாதி சரியாகும்.

அடுத்தது அந்த தகர டப்பா. பழைய ஸ்ட்ராட்ல மூணு நாப் இருக்கும், ஒண்ணு வால்யூம், ஒண்ணு நெக் பிக்கப்போட டோன், இன்னொண்ணு நடு பிக்கப்போட டோன். பிரிட்ஜ் பிக்கப்புக்கு டோனே கிடையாது, உன் கிட்டார் அதே வயரிங்ல வந்திருந்தா நீ எந்த நாப திருப்பினாலும் அதோட கூர்மை குறையாது. சால்டரிங் தெரிஞ்ச பிரண்டு எவனாவது இருந்தா சுவிட்ச்ல பிரிட்ஜ் பிக்கப் கால்லேர்ந்து, டோன் பக்கம் இருக்கற காலுக்கு ஒரு சின்ன ஒயர் இழுக்க சொல்லு, நடு பிக்கப்போட டோன் நாப் பிரிட்ஜுக்கும் வேலை செய்ய ஆரம்பிக்கும். அந்த நாப 6, 7ல வச்சு வாசி. செலவு ஒரு டீ காசு.

இன்னொண்ணு, வால்யூம் நாப். இப்போ எல்லாரும் 10ல வச்சு அப்படியே விட்டுடறாங்க. அந்த காலத்துல வாசிச்சவங்க பல பேரு ரிதம் வாசிக்கும்போது கிட்டார் வால்யூம 6 இல்ல 7ல வச்சிருந்து சோலோ வரும்போது சுண்டு விரலால முழுசா திறந்து விடுவாங்க, ஸ்ட்ராட்ல வால்யூம் நாப் கைக்கு அவ்வளவு பக்கத்துல இருக்கறது அதுக்கு ரொம்ப வசதி. ஒரு வாரம் இப்படி வாசிச்சு பாத்துட்டு, அதுக்கப்புறமும் பிக்கப் வேணும்னு தோணினா எழுது, எத வாங்கறதுன்னு அப்போ பேசலாம்.

கேள்வி (நாகர்கோவில், சர்ச் பேண்டுல வாசிக்கறவர்): விண்டேஜ் டோனுக்கு தடிச்ச கம்பி தான் போடணும், 9 செட் (முதல் கம்பி 0.009 இன்ச் கனம்) எல்லாம் சின்ன பசங்களுக்குன்னு எங்க பேஸ் வாசிக்கற அண்ணன் சொல்றாரு. 11 போட்டேன், விரல் ரணமாயிடுச்சு. வேற வழி இருக்கா சார்?

பதில்: உங்க அண்ணன் சொல்றதுல பாதி சரி. ஐம்பதுகள்ல கிட்டார் கம்பி எல்லாமே கயிறு மாதிரி தான் இருந்துச்சு, ஜி கம்பியும் சுத்தின கம்பி, அத வளைச்சு பெண்ட் பண்றதுன்னா தோள்பட்டை வேணும், அதனால சில பேரு பேன்ஜோ கம்பிய முதல் கம்பியா போட்டு, மத்த எல்லாத்தையும் ஒரு இடம் தள்ளிப் போட்டு வாசிச்சாங்க. 1962ல கலிஃபோர்னியால எர்னி பால் மெல்லிசு கம்பிய செட்டாவே விக்க ஆரம்பிச்சதும் நிலைமை மாறிடுச்சு. அப்போ எந்த வருஷத்து சத்தம் உங்களுக்கு வேணும்னு முதல்ல முடிவு பண்ணணும். தி ஷாடோஸ் பேண்டோட ஹாங்க் மார்வின் மாதிரி ட்ரெமோலோ கைப்பிடிய ஆட்டிக்கிட்டு தெளிவா மெலடி வாசிக்கணும்னா தடிச்ச கம்பி. அறுபதுகளோட கடைசியில வந்த ராக் சத்தம் வேணும்னா 10 செட் தாராளமா போதும், ஜிமி ஹெண்ட்ரிக்ஸே மெல்லிசு கம்பிய அரை ஸ்டெப் (ஒரு ஃப்ரெட் அளவு) இறக்கி ட்யூன் பண்ணி தான் நிறைய வாசிச்சாரு. 13 போட்டு வாசிச்ச ப்ளூஸ் கிட்டாரிஸ்ட் ஸ்டீவி ரே வான் கூட அரை ஸ்டெப் இறக்கி தான் வச்சிருந்தாரு.

கனத்த விட எனக்கு முக்கியமா படறது கம்பி எதால சுத்திருக்குங்கறது. பழைய கம்பியில மேல சுத்தறது சுத்த நிக்கல். பின்னாடி நிக்கல் விலை ஏறினதும் ஸ்டீல் மேல நிக்கல் பூசின ஒயருக்கு மாறிட்டாங்க, நீங்க கடையில வாங்கற செட் பெரும்பாலும் இது தான். பாக்கெட்ல "ப்யூர் நிக்கல்"னு போட்டிருக்கற 10 செட் ஒண்ணு வாங்கி போட்டு பாருங்க, மேல இருக்கற அந்த கிளிங்குனு ஒரு கூர்மை மழுங்கி நடுப்பகுதி வெளிய வரும். புதுசா போட்ட முதல் நாளே நாலு நாள் வாசிச்ச கம்பி மாதிரி இதமா இருக்கும். உங்க ஊர் கடல் காத்துக்கு மெல்லிசான மூணு கம்பியும் வெறும் ஸ்டீல்ங்கறதால துரு சீக்கிரம் வரும், வாசிச்சு முடிச்சதும் பனியன் துணியால கம்பிக்கு அடிப்பக்கமும் சேத்து துடைச்சு வைங்க, அது மட்டும் போதும்.

கம்பி கனம் மாத்தினா நெக் வளைவு மாறும், ரணம் ஆனதுக்கு அது கூட காரணமா இருக்கலாம். முதல் ஃப்ரெட்ல கேப்போ (கம்பிய அழுத்திப் பிடிக்கற கிளிப்) போட்டு கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடிச்சுக்கிட்டு 8-வது ஃப்ரெட்டுக்கு மேல கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவுல இடைவெளி பாருங்க, 0.3 மி.மீ, அதாவது கிட்டத்தட்ட ஒரு விசிட்டிங் கார்டு நுழையற அளவு. அதிகமா இருந்தா நெக்குக்குள்ள இருக்கற இரும்பு ராட், அதாவது ட்ரஸ் ராட கால் திருப்பு மட்டும் இறுக்கி, திரும்ப ட்யூன் பண்ணி, ஒரு ராத்திரி விட்டுட்டு மறுபடி பாருங்க. அவசரப்பட்டு ஒரே மூச்சுல முழு சுத்து சுத்தாதீங்க, ராட் அறுந்தா அது பெரிய வேலை. பழைய ஸ்ட்ராட் நெக் முகப்பு நல்லா உருண்டை, 7.25 இன்ச் ரேடியஸ், அதுல கம்பி உயரத்த, அதாவது ஆக்‌ஷன ரொம்ப இறக்கினா மேல போய் பெண்ட் பண்ணும்போது நோட்டு செத்துப் போகும். 17-வது ஃப்ரெட்ல லோ ஈ 2 மி.மீ, ஹை ஈ 1.6 மி.மீ, இதுக்கு கீழ போக வேண்டாம். கம்பி கொஞ்சம் உயரமா நின்னா சத்தமும் நல்லா விரியும்.

கேள்வி (ஈரோடு): என் கிட்டார்ல பிக்கப்ப மாத்தற 5 வழி சுவிட்ச் இருக்கு. பழைய கிட்டார்ல 3 வழி தான்னு சொல்றாங்க, மாத்தணுமா?

பதில்: மாத்தாதீங்க. 1977 வரைக்கும் ஸ்ட்ராட்ல 3 வழி தான், ஆனா வாசிச்சவங்க சுவிட்ச ரெண்டு இடத்துக்கு நடுவுல நிறுத்தி வச்சு அந்த ரெண்டு பிக்கப் சேந்த சத்தத்த எடுத்துட்டு தான் இருந்தாங்க, அத வசதியாக்கினது தான் 5 வழி. ஒரு வித்தியாசம் இருக்கு, இப்போ வர்ற செட்ல நடு பிக்கப்ப திருப்பி சுத்திருப்பாங்க, ரெண்டு சேரும்போது "ம்ம்ம்"னு வர்ற இரைச்சல் போயிடும், பழசுல போகாது. இரைச்சல் இல்லாம இருந்தா நல்லது தானே.

கேள்வி (கோயம்புத்தூர், பேங்க் வேலை): கிப்சனோட லெஸ் பால் மாடல் கிட்டார் வச்சிருக்கேன் சார். நீங்க சொன்ன மாதிரி வால்யூம 6க்கு குறைச்சா சத்தம் போர்வைக்குள்ள போன மாதிரி மந்தமாயிடுது. ஐம்பதுகளோட வயரிங்னு ஒண்ணு சொல்றாங்களே, அது உண்மையாவே வேலை செய்யுமா, இல்ல பேச்சு தானா? பழைய ஆயில் கெப்பாசிட்டர் ஒண்ணு 4 ஆயிரம் சொல்றாங்க.

பதில்: வயரிங் நூறு சதவீதம் உண்மை சார், நான் எந்த லெஸ் பால் கைக்கு வந்தாலும் முதல்ல பண்ற வேலை இது தான். இப்போ வர்ற கிட்டார்கள்ல டோன் நாப வால்யூம் பாட்டோட (நாபுக்கு அடியில இருக்கற பாகம்) உள்ள வர்ற காலுல, அதாவது பிக்கப் ஒயர் வந்து சேர்ற காலுல சேத்திருப்பாங்க. ஐம்பதுகள்ல அத நடுக் காலுல, சத்தம் வெளிய போற காலுல சேத்தாங்க. ஒரே ஒரு ஜாயிண்ட கழட்டி பக்கத்து காலுக்கு மாத்தறது தான் மொத்த வேலையே, ரெண்டு பிக்கப்புக்கும் சேத்து நாலு சால்டர், அரை மணி நேரம். இத பண்ணினா வால்யூம குறைக்கும்போது மேல் சத்தம் கூடவே செத்துப் போகாது, தெளிவு அப்படியே நிக்கும், சத்தம் மட்டும் கீழ வரும். ஒரு பழக்கம் மட்டும் மாத்திக்கணும், வால்யூமும் டோனும் ஒண்ணோட ஒண்ணு கொஞ்சம் பின்னிக்கும், டோன குறைச்சா வால்யூமும் லேசா இறங்கும். ரெண்டு நாள்ல கை பழகிடும்.

கெப்பாசிட்டர் விஷயத்துல என் கருத்த கறாராவே சொல்றேன், 4 ஆயிரம் குடுக்காதீங்க. டோன் 10ல இருக்கும்போது அந்த கெப்பாசிட்டர் செய்யற வேலை ரொம்ப கம்மி, குறைக்கும்போது முக்கியமாகறது அதோட மதிப்பு, 0.022 மைக்ரோ ஃபேரட். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல சில்லறை காசுக்கு கிடைக்கற சாதா ஃபிலிம் கெப்பாசிட்டர் அதே மதிப்புல வாங்கி போடுங்க. மிச்ச காசுக்கு பாட் நாலையும் மல்டிமீட்டர் வச்சு அளந்து பாருங்க, 500 கிலோ ஓம்னு போட்டிருக்கும், உள்ள அளந்தா 420 கூட காட்டும். நல்லா உயரமா காட்டறத பிரிட்ஜ் பக்கம் போடாம நெக் பிக்கப் வால்யூமுக்கு போடுங்க, நெக் பிக்கப் தான் மந்தமா இருக்கும், அதுக்கு தான் வெளிச்சம் தேவை.

பிக்கப் பத்தியும் ரெண்டு வார்த்தை. செத் லவர் கிப்சனுக்காக டிசைன் பண்ணின ஹம்பக்கர் 1957ல லெஸ் பால்ல வந்துச்சு, பேட்டண்டுக்கு விண்ணப்பிச்சது 1955ல, கிடைச்சது 1959ல, அதனால தான் அடியில "பேட்டண்ட் அப்ளைட் ஃபார்"னு ஸ்டிக்கர் ஒட்டி வந்துச்சு, எல்லாரும் உருகற "பி.ஏ.எஃப்"ங்கற அந்த பேரே அதுலேர்ந்து வந்தது தான். அதோட சத்தத்துக்கு ஒரு காரணம், அத இப்போ வர்ற ஹெவி பிக்கப் மாதிரி நிறைய சுத்தல, பெரும்பாலும் 7லேர்ந்து 9 கிலோ ஓம் வரைக்கும் தான் காட்டும், அதுவும் ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது. உங்க பிக்கப்ப அளந்து பாருங்க, 14, 15ன்னு காட்டினா அது வேற ஜாதி பிக்கப், அப்போ வேணா மாத்தறத பத்தி யோசிக்கலாம்.

கேள்வி (சென்னை, அண்ணா நகர்): அமெரிக்காவுல இருக்கற என் பெரியப்பா பையன் அறுபதுகளோட ட்யூப் ஆம்ப் ஒண்ணு கொண்டு வந்து குடுத்துட்டான். அப்படியே பிளக்ல சொருகி வாசிக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம் தம்பி, இத படிக்கற வரைக்கும் சொருகிருக்க மாட்டீங்கன்னு நம்பறேன். அது 117 வோல்ட்டுக்கு செஞ்ச மெஷின், நம்ம வீட்ல வர்றது 230. நேரா சொருகினா ட்ரான்ஸ்ஃபார்மர் புகைஞ்சு போகும். ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வாங்கணும், ஆம்ப் பின்னாடி எழுதிருக்கற வாட்ஸ மாதிரி ரெண்டு மடங்காவது தாங்கறதா வாங்குங்க. அங்க கரண்ட் 60 ஹெர்ட்ஸ், இங்க 50, அதனால சரியான வோல்ட் குடுத்தாலும் உள்ள இருக்கற ட்ரான்ஸ்ஃபார்மர் கொஞ்சம் கூடுதலா சூடாகும், ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவ கை வச்சு பாருங்க.

வோல்ட்டேஜ விட எனக்கு பயம் அதோட பிளக்கு மேல தான். அந்த காலத்து ஆம்ப்ல ரெண்டு கால் பிளக் தான் இருக்கும், எர்த் கிடையாது, உள்ள மெயின் ஒயருக்கும் ஆம்போட உடம்புக்கும் நடுவுல ஒரு கெப்பாசிட்டர் வச்சிருப்பாங்க. அது பழசாகி ஷார்ட் ஆச்சுன்னா மெயின் கரண்ட் ஆம்ப் உடம்பு வழியா கிட்டார் கம்பிக்கு வந்துடும், நீங்க கம்பியில கை வச்சுக்கிட்டு மைக்ல வாய வச்சா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல. ட்யூப் ஆம்ப் தெரிஞ்ச டெக்னீஷியன்கிட்ட குடுத்து அந்த கெப்பாசிட்டர வெட்டி எடுத்துட்டு மூணு கால் பிளக் போட்டு எர்த் குடுக்க சொல்லுங்க, பவர் பக்கம் இருக்கற பெரிய கெப்பாசிட்டர்களும் இத்தனை வருஷத்துல காஞ்சு போயிருக்கும், அதையும் மாத்திடணும். நீங்களா மூடிய திறக்காதீங்க, பிளக்க எடுத்ததுக்கு அப்புறமும் உள்ள நானூறு வோல்ட் வரைக்கும் தேங்கி நிக்கும். இதெல்லாம் ஆனதுக்கு அப்புறம் வாசிங்க, கொடுத்து வச்சவர் நீங்க, அந்த ஸ்பீக்கர் வால்யூம் ஏறும்போது நோட்ட லேசா அமுக்கி மெத்துனு ஆக்கி குடுக்கும், அத பக்கத்துல உக்காந்து கேக்கணும்.

கேள்வி (மதுரை, பள்ளி ஆசிரியை): எங்க அப்பா இளம் வயசுல கல்யாண மேடைக் கச்சேரிகள்ல வாசிச்ச எலக்ட்ரிக் கிட்டார் பரண்ல இருந்துச்சு சார். எடுத்து பாத்தா கம்பி எல்லாம் துரு, நாப திருப்பினா கரகரன்னு சத்தம். ஒரு கடையில பிக்கப், பாட், சுவிட்ச் எல்லாத்தையும் புதுசா மாத்திடலாம்னு சொல்றாங்க. அப்பா இப்போ இல்ல. அவர் வாசிச்ச மாதிரியே அது கேக்கணும்.

பதில்: ஒரு சாமானையும் மாத்த விடாதீங்கம்மா. அந்த கரகரப்பு பாட் கெட்டுப் போனதால இல்ல, உள்ள தூசியும் பச்சையும் படிஞ்சதால தான் பெரும்பாலும் வரும். எலக்ட்ரானிக்ஸ் கடையில கான்டாக்ட் க்ளீனர் ஸ்ப்ரேன்னு கேளுங்க, பாட் பக்கவாட்டுல ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதுக்குள்ள ஒரு அடி அடிச்சுட்டு நாப இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் முப்பது நாப்பது தடவ திருப்புங்க. சுவிட்சுக்கும் அதே. பிக்கப் உயிரோட இருக்கான்னு பாக்க கம்பி கூட வேணாம், ஆம்ப்ல சொருகி வால்யூம கம்மியா வச்சுட்டு ஒரு ஸ்க்ரூ டிரைவரால பிக்கப் மேல லேசா தட்டுங்க, டொக்னு ஸ்பீக்கர்ல கேட்டா அது நல்லா தான் இருக்கு.

பழைய கம்பிய கழட்டும்போது ஒண்ணு ஒண்ணா தளர்த்துங்க, அத்தனை வருஷம் ஒரே இழுவைல இருந்த நெக்குக்கு திடீர்னு எல்லாத்தையும் வெட்டி விட்டா நல்லதில்ல. கழட்டின கம்பிய தூக்கிப் போடாம ஒரு கவர்ல வைங்க, ஜி கம்பி சுத்தினதா வெறும் கம்பியான்னு பாருங்க, அப்பா எந்த கனத்துல வாசிச்சாருன்னு அதுலேர்ந்து தெரிஞ்சுக்கலாம், மைக்ரோமீட்டர் வச்சிருக்கற லேத் பட்டறையில குடுத்தா ஒரு நிமிஷத்துல அளந்து சொல்லிடுவாங்க. அதே கனத்துல புது செட் போடுங்க. பிக்கப் உயரத்தையும் பிரிட்ஜ் உயரத்தையும் தொடாதீங்க, அது அப்பா தன் கையால வச்ச அளவா இருக்கலாம், போட்டோ எடுத்து ஸ்கேல வச்சு அளந்து ஒரு பேப்பர்ல எழுதி வைங்க. பிக்கார்டுல (கம்பிக்கு அடியில கிட்டார் முகப்புல இருக்கற தகடு) பிக் உரசி தேஞ்ச தடம் இருக்கும் பாருங்க, அவர் கை எந்த இடத்துல அடிச்சுதுன்னு அது காட்டும், நெக் பக்கம் தள்ளியா, பிரிட்ஜ் கிட்டயா. அந்த இடத்துலயே அடிச்சு பாருங்க. அந்த கம்பி அளவும் தடத்தோட போட்டோவும் எனக்கு அனுப்பி வைங்கம்மா, எந்த செட் வாங்கறதுன்னு நான் பாத்து சொல்றேன்.